வயலின் யார் கையில்? ‘சிப்பாயின் கதை’: ஏழு வாத்திய ஆடலிசை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு கதைக்கு ஆடலிசை எழுத உட்காரும் இசையமைப்பாளர் வழக்கமாகக் கதையைக் காட்சிகளாக நறுக்கி, காட்சிக்கு ஓர் உணர்ச்சி என்று பங்கு வைப்பார். இங்கே சோகம், அங்கே ஓட்டம், முடிவில் காதல். எந்தெந்த வாத்தியம் என்ற கேள்வி கடைசியில், கையிருப்பைப் பார்த்து முடிவாகும். இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி 1918-ல் எழுதிய ‘சிப்பாயின் கதை’ இந்த வரிசையைப் புரட்டிப்போட்ட வேலை. அந்தக் கதையில் ஒரு வயலின் கைமாறுகிறது. அதே வயலின் வாத்தியக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துக் கதை நகர்கிறது. யார் ஆடலாம், எப்போது ஆடலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிறு குழுவுக்கு ஆடலிசை எழுதுகிறவர்கள் இந்தப் படைப்பைப் பிரித்துப் பார்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். நூறு வருஷத்துக்குப் பிறகும் இது அடிக்கடி மேடையேறுவது இரண்டாவது காரணம்.

பணம் இல்லாத வருஷம்

முதல் உலகப் போரின்போது ஸ்ட்ராவின்ஸ்கி சுவிட்சர்லாந்தில், லொசான் அருகே மோர்ஷ் ஊரில் இருந்தார். 1917 புரட்சியோடு ரஷ்யாவிலிருந்து வந்த வருமானம் நின்றது. அவருக்கு வேலை கொடுத்துவந்த தியாகிலெவின் ரஷ்ய பாலே குழுவோ போரில் சிதறித் தவித்துக்கொண்டிருந்தது. ‘வசந்தத்தின் பலி’ என்ற பாலேக்கு நூறு பேர் அளவிலான ஆர்க்கெஸ்ட்ரா கேட்டவர், இப்போது ஒரு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய ஒன்றை எழுத வேண்டியிருந்தது.

எழுத்தாளர் ஷார்ல் ஃபெர்தினான் ராமுயும் அவரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். ராமு ஏற்கெனவே ஸ்ட்ராவின்ஸ்கியின் ரஷ்யப் பாடல் வரிகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர். நாடகம் எழுதிப் பழக்கமில்லாதவர், கதை சொல்லி. அதனால்தான் படைப்பின் துணைத்தலைப்பே ‘வாசிக்க, நடிக்க, ஆட’ என்று அமைந்தது. பாடகர் கிடையாது. கதைசொல்லி ஒருவர், சிப்பாய், பிசாசு, இளவரசி, ஏழு வாத்தியக்காரர்கள், ஓர் இசை நடத்துநர். இளவரசி பேசவே மாட்டாள், ஆடுவாள். பணம் கொடுத்தவர் விண்டர்தூரின் வணிகர் வெர்னர் ரைன்ஹார்ட். காட்சியும் உடையும் ஓவியர் ரெனே ஒபெர்ஜோனுவா. 1918 செப்டம்பர் 28-ம் தேதி லொசான் நகர அரங்கில் எர்னஸ்ட் அன்செர்மே நடத்த அரங்கேறியது. அதன் பிறகு ஊர்சுற்றும் பயணம் தொடங்கவிருந்தது. ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியது, பயணம் ரத்தானது. கிராமத்துச் சந்தைத் திடலுக்கென்று எழுதிய படைப்பு ஒழுங்கான நகர அரங்கில் ஒரே இரவு நடந்து முடங்கிவிட்டது.

கதையிலிருந்து எடுத்ததும் விட்டதும்

மூலம் அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள். தப்பி ஓடிய சிப்பாயும் பிசாசும் பற்றியவை அவை. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கொலாய் காலத்தின் கொடுமையான கட்டாயப் படைச்சேர்ப்பு அவற்றின் பின்னணி. ராமு சிப்பாயை ரஷ்யாவிலிருந்து எடுத்துத் சுவிட்சர்லாந்தில் தன் சொந்த வோ மாநிலத்துச் சாலையில் நடக்க விட்டார். கதையில் வரும் தெனிசியும் தான்ஷும் அங்கே உள்ள நிஜமான ஊர்கள்.

கதைச் சுருக்கம் இது. விடுப்பில் ஊருக்கு நடக்கும் சிப்பாய் ஜோசஃப் ஓடைக்கரையில் உட்கார்ந்து மலிவு வயலின் வாசிக்கிறான். பிசாசு வருகிறது. வயலினைக் கொடு, வருங்காலம் சொல்லும் புத்தகம் தருகிறேன் என்கிறது. மூன்று நாள் விருந்துக்குப் போகிறான். திரும்பினால் மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஊரார் அவனை ஆவி என்று எண்ணிக் கதவைச் சாத்துகிறார்கள், காதலிக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. புத்தகத்தால் பெரும் பணக்காரனாகிறான். பணம் வெறுமை என்று புரிகிறது. வயலின் திரும்பக் கைக்கு வரும்போது அது ஒலிக்க மறுக்கிறது. வேறு நாட்டில் இளவரசி நோயில் கிடக்கிறாள். சீட்டாட்டத்தில் தன் பணம் முழுவதையும் பிசாசிடம் வேண்டுமென்றே தோற்று, அதைக் குடிக்க வைத்து வயலினை மீட்கிறான். வாசிக்கிறான், அவள் எழுந்து ஆடுகிறாள். ஆனால் எல்லையைத் தாண்டினால் நீ என் கைவசம் என்று பிசாசு எச்சரிக்கிறது. பழைய ஊரைப் பார்க்கும் ஆசையில் தாண்டுகிறான். எல்லையில் பிசாசு வயலினோடு நிற்கிறது.

இந்தத் தேர்வில் கவனிக்க வேண்டியது, கதையில் ஆட்டம் நிகழ்ச்சியாகவே வருவது. இளவரசி ஆடினால் குணமாவாள், ஆடாவிட்டால் இல்லை. பிசாசு ஆடியே வீழ்கிறது. ஆட்டத்தை எடுத்துவிட்டால் கதை நகராது. ஆடலிசைக்குக் கதை தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: ஆட்டம் இல்லாவிட்டால் இந்தக் கதையில் எந்த நிகழ்ச்சி நின்றுபோகும்? எதுவும் நிற்காது என்றால் அந்தக் கதைக்குப் பின்னணி இசைதான் எழுத முடியும். இரண்டாவது கேள்வி, கதையில் ஒலிக்கக்கூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்பது. வயலினாக இருக்க வேண்டும் என்பதில்லை. மணியோ, தறியோ, ஒரு கதவோ போதும். அந்த ஒலியை ஒரு வாத்தியத்திடம் ஒப்படைத்து, மற்ற வாத்தியங்கள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் பாதி நாடகம் தானாக எழுதப்பட்டுவிடும்.

ஏன் இந்த ஏழு

வயலின், டபுள் பேஸ், கிளாரினெட், பசூன், கார்னெட், டிராம்போன், தாள வாத்தியங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் கணக்கு எளிமையானது: ஒவ்வொரு வாத்தியக் குடும்பத்திலிருந்தும் உச்சத்துக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. தந்தியில் வயலினும் பேஸும், மரக்காற்றில் கிளாரினெட்டும் பசூனும், பித்தளையில் கார்னெட்டும் டிராம்போனும். தாள வாத்தியங்கள் அனைத்தையும் ஒரே ஆள் வாசிப்பார்.

பியானோவை அவர் யோசித்துப் பார்த்துத் தள்ளினார். பியானோ வந்துவிட்டால் ‘பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசில்லை, அதனால் பியானோ’ என்ற தோற்றம் ஒட்டிக்கொள்ளும். சிறு குழு என்பது பெரிய குழுவின் குறைந்த பதிப்பு போல ஒலித்தால் அன்றே தோல்வி. நடுச்சுருதியை நிரப்பும் வாத்தியமே இல்லாததால் இந்தக் குழுவில் இடைவெளி கேட்கும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே காற்று. அந்தக் காற்றில்தான் கதைசொல்லியின் குரல் நுழைகிறது. இன்று இதே நோக்கத்தோடு எழுதுகிறவர்கள் வசதிக்காக ஒரு கீபோர்டைச் சேர்த்துவிடுவார்கள். அடுத்த ஒத்திகையிலேயே கதைசொல்லிக்கு மைக் தேவைப்படும். காரணம் சத்த அளவு அல்ல. பேச்சுக்குரல் உட்கார வேண்டிய நடு இடத்தைக் கீபோர்டு ஆக்கிரமித்துவிட்டது.

கார்னெட் இடத்தில் பெரும்பாலும் ட்ரம்பெட் வைத்து வாசிக்கிறார்கள். வாசிக்கலாம், ஆனால் கார்னெட்டின் ஒலி மென்மையானது, வேகமான சுரங்களில் உருண்டு போகும். இரண்டாம் பகுதியின் ‘அரச மார்ச்’சில் அதன் தனிப்பகுதி மிக வேகமானது. ட்ரம்பெட்டில் அது கூர்மையாகி வயலினையும் மறைக்கும். அந்த மார்ச், ஸ்பெயின் நாட்டின் பாசோதோப்ளே என்ற ஆட்ட நடையில் அமைந்தது. செவில் நகரில் கேட்ட ஒரு சிறு காளைப்போர் வாத்தியக் குழுவிலிருந்து அதன் யோசனை வந்தது என்று ஸ்ட்ராவின்ஸ்கி பின்னாளில் சொன்னார்.

தாளப் பகுதிக்கு ஸ்னேர் கம்பி (தோலின் அடியில் சடசடக்கும் கம்பி) இல்லாத, அளவில் வேறுபட்ட சைட் டிரம்கள், கம்பியுள்ள டிரம் ஒன்று, பேஸ் டிரம், சிம்பல், டாம்பரின், ட்ரயாங்கிள் வேண்டும். எழுதும்போதே ஸ்ட்ராவின்ஸ்கி லொசான் கடையில் இவற்றை வாங்கி, வீட்டில் தானே அடித்துப் பழகினார். அது ஸ்கோரில், அதாவது எழுதிய இசைப் பிரதியில், தெரிகிறது. எந்த இடத்தில் எந்தக் குச்சி, அதன் தலை கட்டையா ஃபெல்ட்டா என்று வரிக்கு வரி குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை அலட்சியம் செய்து ஒரே ஜோடிக் குச்சியால் அடித்தால் மூன்று டிரம்களும் ஒன்றாகக் கேட்கும். கடைசி மார்ச்சின் பேச்சே கெட்டுவிடும்.

அடி ஒன்று, பார் வேறு

தொடக்கத்தில் வரும் ‘சிப்பாயின் மார்ச்’தான் ஆடுபவர்களை அதிகம் திணற வைக்கும். வேகம் நிமிடத்துக்கு 112 அடி, சாதாரண நடை. டபுள் பேஸ் இரண்டு அடிக்கு ஒரு சுற்றாக இடது-வலது என்று நடந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள வாத்தியங்களின் பார்கள், அதாவது கோடு போட்டுப் பிரித்த தாளக் கூறுகள், 2/4 (இரண்டு அடி), 3/4 (மூன்று அடி), 3/8 (மூன்று அரை அடி) என்று மாறிக்கொண்டே போகும். பேஸ் அதைக் கண்டுகொள்ளாது.

கணக்கை அரை அடியில் வைத்துப் பார்த்தால் புரியும். 2/4, 3/8, 3/4 என்று மூன்று பார்கள் அடுத்தடுத்து வருவதாக வைத்துக்கொள்வோம். சொற்கட்டில் ‘தகதிமி, தகிட, தகதிமிதக’: நான்கு, மூன்று, ஆறு, மொத்தம் பதின்மூன்று. பேஸின் சுற்று நான்கு அரை அடி. பதின்மூன்றில் மூன்று சுற்று போக ஒன்று மிச்சம். அதாவது, நான்காவது பாரின் முதல் அடி விழும்போது பேஸ் தன் சுற்றின் இரண்டாவது அரை அடியில் இருக்கும். பார்க் கோட்டை நம்பிக் கால் வைத்தவர் இனி பேஸுக்கு எதிர்ப்பக்கம் நடப்பார். பரதம் பயின்றவர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. தாளம் நிற்க, ஜதி அதன்மேல் குறுக்கே ஓடுவதுதான். ஐரோப்பியக் குறியீட்டில் வித்தியாசம் என்னவென்றால், ஜதியின் எல்லைகளே பார்க் கோடுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. தாளத்தைப் பேஸ் மட்டும் வைத்திருக்கிறது, காகிதத்தில் அதற்கு அடையாளமே இல்லை.

ஆகவே ஒத்திகையில் ஆடுபவருக்கு முதலில் பேஸ் பகுதியை மட்டும் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். கால் பேஸோடு, தோளும் தலையும் கார்னெட்டோடு என்று பிரித்துக்கொண்டால் சிப்பாயின் நடை வந்துவிடும். முழு ஒலிப்பதிவைப் போட்டு ‘எட்டு எண்ணு’ என்று பழக்கினால் மூன்றாவது வரியிலேயே கலையும். இசை நடத்துநரும் கவனிக்க வேண்டும். அவர் கை பார்களைக் காட்டும், ஆடுபவர் கண்ணால் அதைப் பார்த்துக் காலால் பேஸைக் கேட்டால் குழப்பம்தான். மார்ச்சில் மட்டும் ஆடுபவர் நடத்துநரைப் பார்க்காத கோணத்தில் நடப்பது நல்லது.

கதைசொல்லிக்கும் இதே மார்ச் சோதனை. ராமுவின் வரிகள் எதுகையோடு நடைபோடுபவை, இசையின்மேல் பேச வேண்டியவை. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் அசை கூடிவிடுகிறது. தமிழில் இன்னும் கூடும், ஏனென்றால் வினைமுற்றுகள் நீளம். வரியைச் சுருக்காமல் வேகமாகப் பேசிச் சமாளிக்கப் பார்த்தால் 112 அடி நடையில் மூச்சு வாங்கும். ‘நடந்து கொண்டிருக்கிறான்’ என்பதை ‘நடக்கிறான்’ ஆக்குவது போன்ற வெட்டுகளை ஒத்திகைக்கு முன்பே, எழுத்து மேசையில் செய்துவிட வேண்டும்.

வயலின் எப்படி எழுதப்பட்டிருக்கிறது

ஓடைக்கரைக் காட்சியில் வயலின் திறந்த தந்திகளை ஒட்டி, இரட்டைத் தந்தி வாசிப்பில், வெட்டி வெட்டி வில் போடுகிறது. கச்சேரி வயலின் அல்ல, சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும் மலிவு வயலின் என்பது வரிகளிலேயே இருக்கிறது. சுத்தமான, அழகான குரலில் வாசிக்கும் கலைஞர்கள் இந்த இடத்தை இனிமையாக்கிக் கெடுத்துவிடுவார்கள். கர்நாடகப் பயிற்சி உள்ளவர் வாசித்தால் சுரத்துக்குச் சுரம் இழைக்கும் பழக்கத்தை இங்கே அடக்க வேண்டும். சுரங்கள் தனித்தனியே, காய்ந்து விழ வேண்டும். வில்லை முழு நீளத்துக்கு இழுக்கும் இடம் ‘சிறு கச்சேரி’யில் வருகிறது. அதன் ஒரு மெட்டு கனவில் வந்தது என்று ஸ்ட்ராவின்ஸ்கி சொல்லியிருக்கிறார்: சாலையோரத்தில் மடியில் குழந்தையோடு ஒரு ஜிப்ஸிப் பெண் முழு வில்லால் வாசிக்கிறாள். கனவில் வந்த மெட்டை எழுதிவைத்து நேரே குழுவிடம் கொடுத்துவிட்டார் போலும்.

வயலின் இல்லாத இடங்களும் எழுதப்பட்டவையே. சிப்பாய் ஊருக்குத் திரும்பி, தான் ஆவி என்று உணரும் காட்சியில் வரும் ‘மேய்ச்சல் பாட்டு’ பெரும்பாலும் கிளாரினெட்டும் பசூனும் தமக்குள் பேசிக்கொள்வது. பசூன் தன் உயர்ந்த எல்லையில் நிற்கும். குரல் நடுங்குவது போலக் கேட்பது வாத்தியத்தின் இயல்பால்தான், வாசிப்பவர் கூட்ட வேண்டியதில்லை.

மூன்று ஆட்டங்கள்

இரண்டாம் பகுதியின் நடுவே, டாங்கோ, வால்ட்ஸ், ராக்டைம் (ஜாஸுக்கு முந்திய அமெரிக்க ஆட்ட இசை). மூன்றும் சேர்த்துச் சுமார் ஆறு நிமிடம். இளவரசி படுக்கையிலிருந்து எழுவதிலிருந்து சிப்பாயின் கைகளில் விழுவது வரை ஒரு சொல்லும் கிடையாது. ஒரு மணி நேரப் படைப்பில் பேச்சு முற்றாக நின்று ஆட்டம் மட்டும் நடக்கும் நீண்ட இடம் இதுதான். அதன் நீளம் குறைவு என்பதே அதன் பலம்.

டாங்கோவில் வயலினும் டிரம்மும்தான், கிளாரினெட் பின்னால் சேரும். உடம்பில் இப்போதுதான் உயிர் வருகிறவளுக்கு ஏற்ற மெலிந்த இசை. வால்ட்ஸில் பேஸின் ‘ஊம்-பா-பா’ வந்து தரையைக் கொடுக்கிறது. ராக்டைமில் குழு முழுதும் சேர்ந்து, டிராம்போன் சுரங்களை வழுக்கி இழுக்கிறது. இப்படி வாத்தியம் வாத்தியமாகக் கூட்டியது மருத்துவக் குறிப்பு மாதிரி. நோயாளி எழுந்து உட்கார்ந்தாள், நின்றாள், ஓடினாள்.

மூன்றும் அந்தக் காலத்து நாட்டியக்கூட ஆட்டங்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல. தேவதைக் கதையின் இளவரசிக்கு 1918-ன் பாரிஸ் நாட்டியக்கூடத்து டாங்கோ! ராக்டைமை ஸ்ட்ராவின்ஸ்கி அப்போது காதால் அதிகம் கேட்டிருக்கவில்லை. அமெரிக்கப் பயணம் போய்வந்த அன்செர்மே கொண்டுவந்த அச்சுத் தாள்களிலிருந்துதான் கற்றுக்கொண்டார். அதனால் இது ராக்டைமின் தாள வடிவத்தை எடுத்துக் கோணலாக வெட்டியது. தோளைக் குலுக்கி ஜாஸாக ஆடினால் இசையோடு ஒட்டாது. நடன அமைப்பாளர்கள் இந்த இடத்தில் செய்யும் வழக்கமான தவறு இதுவே: பெயரைப் பார்த்து நடையைத் தேர்வு செய்வது. ஸ்கோரைப் பார்த்தால் டாங்கோவில் டாங்கோவின் எலும்பு மட்டும் இருக்கிறது, சதை இல்லை. அடிகளைக் குறைத்து, நிறுத்தங்களைக் கூட்டி அமைத்தால் பொருந்தும்.

இன்னொரு சிக்கல் நடிகரின் கையில் உள்ள வயலின். மேடையில் சிப்பாய் வாசிப்பது போல் நடிக்க, சில அடி தள்ளி நிஜக் கலைஞர் வாசிக்கிறார். இருவர் வில்லும் எதிரெதிர்த் திசையில் போனால் பார்வையாளர் உடனே கவனித்துவிடுவார். இரண்டு தீர்வுகள் உண்டு. நடிகருக்கு வில்லின் மேல்-கீழ்க் குறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கலாம். மூன்று ஆட்டங்களுக்கும் இதற்கே பல ஒத்திகை பிடிக்கும். அல்லது, பாவனையைக் கைவிட்டு, நடிகர் வயலினைக் கையில் பிடித்திருக்க, ஒளியை நிஜக் கலைஞர் மேல் போடலாம். வாத்தியக்காரர்களை மேடையிலேயே தெரியும்படி உட்கார வைக்கச் சொல்லியிருப்பதால் இரண்டாவது வழி படைப்பின் குணத்தோடு ஒத்துப்போகிறது. ஆட்டத்தைத் தூண்டுகிறவர் வாத்தியக்காரர் என்பதைப் பார்வையாளர் கண்ணால் காண்பதுதான் நோக்கம்.

அடுத்து வரும் ‘பிசாசின் ஆட்டம்’ ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. சிப்பாயின் வாசிப்பு பிசாசை முறுக்கி வீழ்த்துகிறது. அரங்கேற்றத்தில் பேசும் பிசாசாக ழான் வில்லார், ஆடும் பிசாசாக ஜார்ஜ் பித்தோயெஃப் என்று ஒரே பாத்திரத்தை இருவருக்குப் பிரித்தார்கள். இளவரசி லுத்மிலா பித்தோயெஃப். கதைசொல்லியும் சிப்பாயும் லொசானைச் சேர்ந்த இளைஞர்கள், தொழில் நடிகர்கள் அல்ல. பிரித்தது நல்ல யோசனை. இந்த ஆட்டத்தை முழு வேகத்தில் ஆடிவிட்டு, சற்று நேரத்திலேயே தாளத்தோடு பேச வேண்டிய ‘பிசாசின் பாட்டு’க்கு வந்து நின்றால் எவருக்கும் இரைக்கும். ஒருவரே செய்வதானால் இடையில் வரும், தேவாலயப் பாடல் பாணியிலான ‘சிறு கோரல்’ அவர் மூச்சு வாங்கும் இடம். அது முக்கால் நிமிடம்தான், அதற்கேற்ப ஆட்டத்தின் கடைசிப் பகுதியைத் தரையில் அமைக்க வேண்டும்.

கோரலும் கடைசி மார்ச்சும்

‘பெரிய கோரல்’ மார்ட்டின் லூதரின் தேவாலயப் பாடலை நினைவூட்டும், ஆனால் சுரக்கூட்டுகள் வேண்டுமென்றே இடறும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நீண்ட நிறுத்தம், அதில் கதைசொல்லி ஒரு வாசகம் சொல்வார். உன்னிடம் இருப்பதோடு, முன்பு இருந்ததையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்படாதே என்பது அவற்றின் சாரம். படைப்பில் அறம் பேசும் இடம் இது ஒன்றே. நிறுத்தங்களை நடத்துநர் தன் கணக்குக்கு வெட்டினால் கதைசொல்லி அடுத்த சுரக்கூட்டின்மேல் பேச நேரும். நிறுத்தத்தை முடிப்பது கதைசொல்லியின் கடைசிச் சொல், நடத்துநர் அதைப் பார்த்துக் கை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும். ஊதுபவர்களின் மூச்சும் இதில் அடங்கியிருக்கிறது. கதைசொல்லி அனுபவித்து இழுத்தால் கார்னெட்டும் டிராம்போனும் தளர்ந்துவிடும்.

கடைசியில் ‘பிசாசின் வெற்றி மார்ச்’. முழுக் குழுவோடு தொடங்கி, போகப்போக வயலினும் தாள வாத்தியங்களும் மட்டும் எதிரெதிரே நிற்கின்றன. வயலின் குறுகிக் குறுகிப் பேசுகிறது. டிரம்கள் இடத்தைப் பிடிக்கின்றன. பிறகு வயலின் இல்லை. வெறும் தோல் சத்தத்தோடு படைப்பு முடிகிறது. சிப்பாய் தோற்றான் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. தொடக்கத்திலிருந்தே வயலினை ஒரு பொருளாக நடத்தியதன் பலன் இந்த இரண்டு நிமிடத்தில் கிடைக்கிறது.

இதைக் கெடுக்க எளிய வழி ஆர்ப்பாட்டம். தாளக் கலைஞர் இதைத் தன் தனி ஆவர்த்தனமாக எடுத்துக்கொண்டு சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார், ஒளியமைப்பாளர் சிவப்பு விளக்கைப் போடுவார். டிரம்களின் வாக்கியங்கள் அமைதியாகவும் துல்லியமாகவும் விழுந்தால் வெற்றி கொடூரமாகத் தெரியும். டிரம்களை ஒன்றுக்கொன்று தெளிவான சுருதி வித்தியாசத்தில் இறுக்கி வைக்க வேண்டும். குளிரூட்டிய அரங்கில் இயற்கைத் தோலின் சுருதி மாறிவிடும், காட்சி தொடங்கும் முன் ஒருமுறையும் இடைவேளையில் ஒருமுறையும் சரிபார்ப்பது நல்லது.

தளரும் இடம்

படைப்பு குறையற்றது அல்ல. முதல் பகுதியின் பின்பாதியில், சிப்பாய் பணக்காரனாகிச் சலிக்கும் கட்டத்தில், பேச்சு நீண்டு இசை வறண்டுபோகிறது. ஓடைக்கரை இசையின் மறுவரவு தவிர வேறில்லை. முழுப் படைப்பு சுமார் ஒரு மணி நேரம், அதில் இசை பாதிக்குச் சற்று மேல். இயக்குநர்கள் பலரும் இந்தக் கட்டத்தில்தான் கத்தரி வைக்கிறார்கள், அது நியாயமே. சீட்டாட்டக் காட்சியில் பிசாசு படிப்படியாகக் குடிபோதையில் சாய்வதும் பேச்சை நம்பியது. அதை வெட்டக்கூடாது, ஏனெனில் ‘தோற்றால்தான் விடுதலை’ என்ற கதையின் திருகு அங்கேதான் இருக்கிறது. நடிப்பைக் கூட்டி வாக்கியங்களைக் குறைக்கலாம்.

மேடை அமைப்பில், நடுவே சிறிய மேடை, ஒரு பக்கம் வாத்தியக்காரர்கள், மறுபக்கம் மேசையும் மதுக்குப்பியுமாகக் கதைசொல்லி. இடம் குறுகலாக இருந்தால் முதலில் பலியாவது ஆடுபவரின் பரப்பு. ஏழு பேர், அவர்களின் ஸ்டாண்டுகள், தாளக் கலைஞரின் வட்டம் எல்லாம் எதிர்பார்த்ததைவிட அதிக இடம் பிடிக்கும். பலகை மேடையில் பேஸ் டிரம்மும் ஆடுபவரின் குதியும் ஒரே பலகையில் அதிர்ந்தால் கதைசொல்லியின் மைக் அதை வாங்கிக்கொள்ளும். குழுவுக்குத் தனிப் பலகை போடுவது மலிவான தீர்வு. வயலினையும் பேஸையும் அருகருகே வைக்க வேண்டும், அவை தொலைவில் இருந்தால் ஓடைக்கரை இசை குலையும். தாளக் கலைஞரை ஆடுபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

மூவர் வடிவம் சொல்லும் சாட்சி

ஊர்சுற்றல் நின்றுபோனதால் இசை மட்டும் பிரிந்து பிழைத்தது. 1919-ல் வயலின், கிளாரினெட், பியானோ மூவருக்கான தொகுப்பை ஸ்ட்ராவின்ஸ்கி ரைன்ஹார்ட்டுக்காகச் செய்தார். பணம் கொடுத்த ரைன்ஹார்ட் கிளாரினெட் வாசிக்கத் தெரிந்தவர். அதில் ஐந்து பகுதிகள்: மார்ச், சிப்பாயின் வயலின், சிறு கச்சேரி, மூன்று ஆட்டங்கள் ஒன்றாக, பிசாசின் ஆட்டம். அங்கே நிறுத்திவிட்டார். வெற்றி மார்ச் இல்லை, இருக்கவும் முடியாது. வயலினை விழுங்க டிரம் இல்லாத குழுவில் அந்த முடிவுக்கு அர்த்தம் கிடையாது. சிப்பாய் வென்ற இடத்தோடு இசை முடிகிறது, கதையே வேறு கதையாகிவிடுகிறது. ஏழு பேருக்கான கச்சேரித் தொகுப்பு 1920 ஜூலையில் லண்டன் விக்மோர் ஹாலில் அன்செர்மே நடத்த முதலில் ஒலித்தது. அதில் வெற்றி மார்ச் உண்டு. முழு மேடை வடிவம் மீண்டும் உயிர் பெற்றது 1923-ல், ஜெர்மனியில். வைமார் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி நடத்திய கலை வாரத்திலும் நடந்தது. ஸ்கோரை லண்டனின் செஸ்டர் நிறுவனம் 1924-ல் அச்சிட்டது.

மூவர் தொகுப்பை வைத்து ஆட்டம் அமைக்க விரும்புகிறவர்கள் நிறையப் பேர். செலவு குறைவு, கலைஞர்களும் எளிதில் கிடைப்பார்கள். செய்யலாம், ஆனால் ‘சிப்பாயின் கதை’ என்று சொல்லி முழுக் கதையையும் அதில் திணிக்கக் கூடாது. இளவரசி குணமாவதோடு முடித்துக்கொள்வது இசைக்கு நேர்மை.

உரிமை விஷயத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தது 1971-ல். இந்தியச் சட்டப்படி இசை 2031 முடியும் வரை காப்புரிமைக்கு உட்பட்டது, ஐரோப்பாவில் 2041 முடியும் வரை. அமெரிக்காவில் 2020-லேயே பொதுவாகிவிட்டது என்பதை இணையத்தில் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஸ்கோரை இறக்கிச் சென்னையில் மேடையேற்றினால் சிக்கல். ராமு 1947-ல் இறந்தார், அவருடைய பிரெஞ்சு உரை இந்தியாவில் 2008 தொடக்கத்திலிருந்து பொதுச்சொத்து. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்குத் தனித்தனி உரிமை உண்டு. தமிழில் செய்வதானால் பிரெஞ்சிலிருந்தே நேராகச் செய்வது சட்டத்துக்கும் நல்லது, மார்ச்சின் நடைக்கும் நல்லது.